கமார்க்கில் கடலை உள்ளே விட்டது பாதுகாப்பா, கைவிடலா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் தென்கோடியில், ரோன் ஆறு மத்தியதரைக் கடலில் கலக்கும் கழிமுகம் கமார்க். அங்கே பழைய உப்பளங்களைக் காத்துவந்த கடல் தடுப்புக் கரைகள் உடைந்தபோது, அவற்றைச் சீர்செய்யாமல் விட்டுவிட்டார்கள்; பூநாரைகளும் அந்த இடத்தில் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. இதை எப்படி இயற்கைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியும் என்று கேட்கிறீர்கள். குடும்பத்தோடு போனால் எங்கே, எப்போது பறவைகளைப் பார்க்கலாம் என்பது இரண்டாவது கேள்வி.

என் கருத்தில் அது கைவிடல் இல்லை. தெரிந்தே எடுத்த முடிவு, சரியான முடிவும்கூட. ஆனால் அதனால் இழந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் விளக்க வேண்டுமானால், கமார்க்கில் தண்ணீர் யார் கையில் இருந்தது என்ற கதையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மண்ணில் எந்தச் செடி முளைக்கும், எந்தப் பறவை குஞ்சு பொரிக்கும் என்பதையெல்லாம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்மானித்துவருபவை மதகுகளும் பம்புகளும்தான்.

ஆர்ல் நகரத்துக்குச் சற்று வடக்கே ரோன் இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே பெரிய ரோன், மேற்கே சின்ன ரோன். நடுவில் தட்டையான நிலம். அதன் பெரும்பகுதி கடல்மட்டத்தைவிட ஒரு மீட்டர்கூட உயரம் இல்லை. நடுவே வக்காரேஸ் என்னும் காயல், சுமார் 6,500 ஹெக்டேர் பரப்பு. ஆனால் ஆழம் மிகக் குறைவு, பல இடங்களில் ஆள் நின்றால் மூழ்காது. முற்காலத்தில் ஆறு பெருகும்போதெல்லாம் வண்டலைக் கொட்டி நிலத்தை உயர்த்தும். புயல் வந்தால் கடல் உள்ளே புகும். கோடையில் எல்லாம் காய்ந்து உப்புப் பூக்கும். 1856ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு இந்த ஆட்டத்தை மனிதர்கள் நிறுத்தினார்கள். ஆற்றின் இரு பக்கமும் கரைகள் உயர்ந்தன. தெற்கே கடலைத் தடுக்கும் நீண்ட கரை 1850களின் இறுதியில் எழுந்தது. அதன்பின் கழிமுகத்துக்குள் வரும் தண்ணீர் பெரும்பாலும் மனிதர்கள் திறந்துவிட்டதாகவோ, இறைத்துக் கொண்டுவந்ததாகவோதான் இருந்தது. மழை ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில்தான். மிஸ்ட்ரால் என்னும் வறண்ட வடகாற்றும் வெயிலும் சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆவியாக்கிவிடும். ஆகவே தண்ணீரைக் கொண்டுவராவிட்டால் மண்ணுக்கடியில் இருக்கும் உப்பு மேலே ஏறும்.

இந்த உப்பை விரும்பியவர்களும் இருந்தார்கள், வெறுத்தவர்களும் இருந்தார்கள். வடக்கே உழவர்கள் உப்பைக் கழுவி வெளியேற்ற ஆற்று நீரைப் பாய்ச்சி, வடிகால் நீரை வக்காரேஸில் விட்டார்கள். தென்கிழக்கே சாலான் த ஜிரோவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய பெரிய உப்பளத்துக்கோ நன்னீர் வந்து கலப்பது நஷ்டம். இரு தரப்புக்கும் இடையே நெடுங்காலத் தகராறு. 1927இல் பிரெஞ்சு இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று, உப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வக்காரேஸைக் காப்பகமாக்கியது. உழவருக்கும் உப்பளத்தாருக்கும் நடுவில் ஓர் இடைவெளி நிலம் கிடைத்தது. பிரான்ஸின் புகழ்பெற்ற பறவைக் காப்பகம் ஒன்று தண்ணீர்ச் சண்டையின் நடுவில் பிறந்தது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாதுகாப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது: எவருக்கும் முழு வெற்றி கிடைக்காத இடத்தில்.

நெல்லின் கதையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தோசீனாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோனது. 1939-40இல் வியட்நாமிலிருந்து ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்வதற்காகக் கொண்டுவரப்பட்ட சுமார் 20,000 பேரில் ஒரு பகுதியினரைக் கமார்க்கின் வயல்களில் இறக்கினார்கள். அவர்களில் மிகப் பலர் தாமாக விரும்பி வந்தவர்கள் அல்லர். கமார்க்கின் இன்றைய நெல் சாகுபடிக்கு அடித்தளம் போட்டவர்கள் அவர்கள். பல பத்தாண்டுகள் இதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது வருத்தமான உண்மை. 1960களின் தொடக்கத்தில் நெற்பரப்பு 30,000 ஹெக்டேரை எட்டியது, பிறகு சரிந்தது, மீண்டும் எழுந்தது, இப்போது மறுபடி குறைந்திருக்கிறது. நெல் அங்கே உணவுப் பயிர் மட்டும் அன்று. வயலில் தேங்கும் நன்னீர் உப்பை அடியில் அழுத்துவதால்தான் அடுத்த பருவத்தில் அதே நிலத்தில் கோதுமை விளைகிறது. நெல்லுக்காக இறைக்கும் நீரில் ஒரு பகுதி வடிகால் வழியே காயல்களுக்கும் நாணல் சதுப்புகளுக்கும் போய்ச் சேர்கிறது. பூச்சிக்கொல்லியும் அதோடு போகிறது. நெல் விலை சரிந்தால் வக்காரேஸின் உப்பு ஏறுகிறது; பயிர் பெருகினால் மருந்து ஏறுகிறது. நெல்லை வெறுமனே நண்பன் என்றோ எதிரி என்றோ சொல்லிவிட முடியாது.

இனி பூநாரைக்கு வருவோம். அங்கே வாழ்வது பெரிய பூநாரை. நம் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் குளிர்காலத்தில் வந்து நிற்கும் அதே இனம். கோடியக்கரையிலும் அது உப்பளங்களை ஒட்டிய சதுப்பில்தான் மேய்கிறது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். காரணம் எளிது. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி ஆவியாக்கும்போது, மீன்கள் தாங்க முடியாத அளவுக்கு உப்பு ஏறிய பாத்திகளில் ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறால் கோடிக்கணக்கில் பெருகும். தின்ன வரும் மீன் இல்லை, எல்லாம் பூநாரைக்கே. தலையைக் கவிழ்த்து, அலகில் நீரை இழுத்து, நாக்கால் தள்ளி வடிகட்டி உண்ணும் பறவைக்கு இதைவிட நல்ல பந்தி கிடையாது. அதன் இறகுக்கு இளஞ்சிவப்பு வருவதும் இந்த உணவில் உள்ள நிறமிகளால்தான்.

ஆனால் உணவு கிடைத்தால் மட்டும் பூநாரை குஞ்சு பொரிக்காது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. சேற்றைக் குவித்துக் கட்டிய சிறு மேட்டில் இட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். ஆயிரக்கணக்கான ஜோடிகள் நெருக்கியடித்து ஒரே இடத்தில் கூடும்; நரியோ காட்டுப்பன்றியோ ஓரிரவு நுழைந்தால் அந்த ஆண்டு முழுவதும் வீண். ஆகவே நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவு வேண்டும், அந்த நீர் வசந்தத்திலிருந்து கோடைவரை வற்றாமல் நிற்கவும் வேண்டும். மத்தியதரைப் பகுதியின் இயல்போ இதற்கு நேர்மாறு: குளிர்காலத்தில் நிறையும், கோடையில் வற்றும். 1960களில் தொடர்ந்து பல ஆண்டுகள் கமார்க்கில் ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. அப்போது தூர் து வலா ஆய்வு நிலையத்தாரும் உப்பு நிறுவனமும் சேர்ந்து ஃபாங்காசியே என்னும் உப்பளக் காயலின் நடுவில் செயற்கையாக ஒரு தீவைக் கட்டினார்கள். 1970 வாக்கில் கட்டிய அந்தத் தீவைப் பறவைகள் உடனே ஏற்கவில்லை. சேற்று மேடுகளைப்போல் மண் குவித்து வைத்தும் பார்த்தார்கள். 1974இல்தான் வந்து முட்டையிட்டன. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, பிரான்ஸின் பூநாரைகள் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு தீவை நம்பியே இருந்தன. பல ஆண்டுகளில் 10,000 ஜோடிகளுக்கும் அதிகம். 1985 ஜனவரியில் காயல்கள் உறைந்து சுமார் 3,000 பூநாரைகள் செத்துப்போயின. அந்த அடியிலிருந்தும் மீள முடிந்தது, இனப்பெருக்கத்துக்கு உறுதியான ஓர் இடம் இருந்ததால்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தீவைச் சுற்றிக் கோடையில் நீர் நின்றது உப்பளத்தின் பம்புகளால். மார்ச் முதல் செப்டம்பர்வரை கடல்நீரை இறைத்துப் பாத்திகளை நிரப்புவது உப்புத் தொழிலின் வேலை, பூநாரைக்காக யாரும் இறைக்கவில்லை. சாலான் த ஜிரோவின் உப்பு பெரும்பாலும் ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் போனது. அந்தச் சந்தை சுருங்கியதும் வேலை குறைந்தது, ஆட்கள் வெளியேறினார்கள், நிறுவனம் நிலத்தை விற்றது. 2008க்கும் 2012க்கும் இடையே கடற்கரை நிலங்களைக் காப்பதற்கான பிரெஞ்சு அரசு அமைப்பு சுமார் 6,500 ஹெக்டேரை வாங்கியது. பம்புகள் நின்றன. கோடையில் ஃபாங்காசியே வற்றியது; தீவு தீவாக இல்லாமல் போனது. பூநாரைகள் மேற்கே, இன்னும் உப்பு விளைந்துகொண்டிருக்கும் ஏக் மோர்த் உப்பளத்துக்கு 2015 முதல் இடம் மாறின. நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். பூநாரைகள் கமார்க்கை விட்டுப் போகவில்லை. பம்பு ஓடும் இடத்துக்குப் போய்விட்டன.

அப்படியானால் பறவைகளுக்காகவாவது பம்பை ஓட்டிக் கரையையும் சீர்செய்திருக்கலாமே? இதுதான் உங்கள் கேள்வியின் மையம்.

கரையை முதலில் பார்ப்போம். அந்தத் தென்கிழக்கு முனையைக் கடல் நெடுநாளாகத் தின்றுகொண்டிருக்கிறது. ஃபராமானில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய முதல் கலங்கரை விளக்கம் கடலுக்கு இரையானது. 1892இல் உள்ளே தள்ளிக் கட்டிய விளக்கம்தான் இன்று நிற்கிறது. ரோன் முன்பு கொண்டுவந்த வண்டல் இப்போது வருவதில்லை. ஆற்றிலும் துணையாறுகளிலும் அணைகள்: 1948இல் ஜெனீசியா, 1960 வாக்கில் துரான்ஸ் ஆற்றில் சேர் போன்சோன், இன்னும் பல. மார்செய் துறைமுகத்தில் 1885 முதல் கடல்மட்டத்தை அளந்துவருகிறார்கள். அதன்பின் 16 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது, இப்போது உயரும் வேகமும் கூடியிருக்கிறது. மண் வராத இடத்தில், உயரும் கடலுக்கு எதிரே, முகத்துக்கு முகம் கல் கரை கட்டி நிறுத்தினால் அலை கரையின் அடியையே அரிக்கும். கரைக்கு முன்னால் இருக்கும் மணல் காணாமல் போகும்; ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் மேலும் கல் கொட்ட வேண்டும். உப்பு விற்றுப் பணம் வந்தவரை நிறுவனம் கொட்டியது. உப்பில்லாத நிலத்தைக் காக்க யார் எவ்வளவு காலம் கொட்டுவது?

ஆகவே முன்வரிசைக் கரையை விட்டுக்கொடுத்து, உள்ளே இருக்கும் பழைய தடுப்புக் கரையை ஊர்களுக்கான காவலாக வைத்துக்கொண்டார்கள். நடுவில் கிடைத்த அகன்ற நிலத்தில் புயலலை பரவி, வேகமிழந்து, பின்புதான் உள்கரையை வந்து தொடும். அந்த நிலம் இப்போது என்ன ஆகிறது தெரியுமா? பாத்தியாகக் கெட்டிப்பட்டுக் கிடந்த இடங்களில் உமரி இனச் செடிகள் திரும்பி வருகின்றன. இலையிருந்த இடத்தில் தண்டே சதைபிடித்து உப்பைத் தாங்கி நிற்கும் அந்தச் செடிகள் இலையுதிர்காலத்தில் சிவந்து நிலத்தையே நிறம் மாற்றும். கரை இருந்த இடத்தில் மணற்குன்றுகள் தாமாக உருவாகின்றன. உடைப்புகள் வழியே கடல்மீன் குஞ்சுகள் காயலுக்குள் வந்து வளர்கின்றன. எனக்கு இவற்றிலெல்லாம் மிக முக்கியமாகப் படுவது விலாங்கு மீன். அட்லாண்டிக்கின் சர்காசோக் கடலில் பிறந்து, கண்ணாடிபோல் ஒளிபுகும் குஞ்சாக ஐரோப்பியக் கரைகளுக்கு வந்து, நன்னீரிலும் காயலிலும் பல ஆண்டுகள் வளர்ந்து, மீண்டும் அந்தக் கடலுக்கே முட்டையிடத் திரும்பும் மீன் அது. இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களில் ஒன்று. மூடிய மதகும் கரையும் அதற்குச் சுவர். வக்காரேஸையும் கடலையும் இணைக்கும் ஃபூர்க்காத் மதகைக் குஞ்சுகள் வரும் பருவத்தில் திறப்பது அதற்காகவும்தான். கரையே இல்லாத இடத்தில் திறக்கவும் மூடவும் யாரும் தேவையில்லை.

பம்புக்கு வருவோம். கோடையில் செயற்கையாக நீர் நிறுத்துவது பூநாரைக்கு நல்லது. வேறு பல உயிர்களுக்கு அது கேடு. கமார்க்கின் அரிய செல்வமாக நான் கருதுபவை கோடையில் வற்றிப்போகும் தற்காலிகக் குட்டைகள். சுற்றுலாப் பயணிகள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வற்றுவதால் அங்கே மீன் நிலைக்காது. மீன் இல்லாததால் தவளைகளும் தேரைகளும் சிறு ஓட்டுடலிகளும் தப்பிப் பிழைக்கும். விதையாகக் காய்ந்த சேற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, மழை சரியாக வரும் ஆண்டில் மட்டும் முளைக்கும் செடிகள் அங்கே உண்டு. தனியார் பண்ணைகளில் வாத்து வேட்டைக்காகக் கோடையிலும் நீர் நிறுத்திவைக்கும் வழக்கம் பரவியபோது இந்தக் குட்டைகள் நிரந்தரக் குளங்களாயின. அங்கே தென்னமெரிக்காவிலிருந்து வந்த லுட்விஜியா என்னும் நீர்ச்செடி நீரை மூடிப் படர்ந்தது. அமெரிக்கச் சிவப்பு நண்டிறால் பெருகியது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதே நண்டிறாலைத் தின்று செந்நாரைகளும், இந்த நூற்றாண்டில் மீண்டும் அங்கே கூடு கட்டத் தொடங்கிய கருநிற அரிவாள் மூக்கனும் செழிக்கின்றன. அயல் உயிரி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாத சிக்கல் இது.

ஆக, 6,500 ஹெக்டேர் முழுவதற்கும் ஒரு பறவைக்காகப் பம்பு ஓட்டுவதைவிட, நிலத்தை அதன் இயல்பான ஈரமும் வறட்சியும் மாறும் தாளத்துக்குத் திரும்பவிடுவது மேல் என்று அந்த நிலத்தை நிர்வகிப்பவர்கள் முடிவுசெய்ததை நான் ஏற்கிறேன். பூநாரைக்கு ஏக் மோர்த் இருக்கிறது. சார்டினியா, ஸ்பெயின், துனிசியா எனக் கடலைச் சுற்றிலும் வேறு இடங்கள் இருக்கின்றன. 1977 முதல் குஞ்சுகளின் காலில் எழுத்துப் பொறித்த வளையம் மாட்டிவருகிறார்கள். கமார்க்கில் பிறந்த பறவை சார்டினியாவில் கூடு கட்டுவதும், மௌரிட்டானியாவில் குளிர்காலத்தைக் கழிப்பதும் அந்த வளையங்களால் தெரிந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பறவைகளும் பதிவாகியிருக்கின்றன. நீண்ட நாள் வாழ்ந்து, கடலுக்குக் கடல் இடம் மாறும் பறவைக்கு ஒரு தீவை இழப்பது பேரிழப்பு ஆகாது. விலாங்குக்கும் தேரைக்கும் அப்படிப் போக வேறு இடமில்லை.

ஆனால் ஒரு கவலை எனக்கு உண்டு. ஏக் மோர்த் ஒரு தனியார் உப்பளம். அங்கும் சந்தை சரிந்தால் பம்பு நிற்கும். ஒரே கூடையில் எல்லா முட்டைகளும் மறுபடி சேர்ந்திருக்கின்றன. இதற்கு ஒரு மாற்று இடத்தை இப்போதே ஆயத்தமாக வைத்திருப்பது அவசியம்.

சாலான் த ஜிரோ மக்களின் தரப்பையும் கேளுங்கள். அது உப்புக்காகவே கட்டப்பட்ட ஊர். மூன்று நான்கு தலைமுறைகளாகக் கடலைத் தடுத்து நிறுத்துவதே தொழிலும் பெருமையுமாக வாழ்ந்தவர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் கல் சுமந்து கட்டிய கரையை அலை உடைக்கும்போது, 'நல்லது நடக்கிறது' என்று வெளியூரார் வந்து விளக்கினால் எப்படி இருக்கும்? பழகிய பாதைகள் மூழ்கின, மீன்பிடித்த இடங்கள் மாறின, அடுத்தது நம் வீடா என்ற பயம் வந்தது. உள்கரையை உறுதியாகப் பராமரிப்போம் என்ற வாக்கை அரசு காப்பாற்றினால்தான் இந்தத் திட்டத்துக்கு நேர்மை உண்டு. அதில் கைச்சிக்கனம் பார்த்தால் நானும் அவர்கள் பக்கம் நின்றே பேசுவேன்.

மக்களும் பாதுகாப்பும் மோதாமல் போன இடங்களும் அங்கே இருக்கின்றன. நெல் விதைத்த புதிதில் பூநாரைகள் இரவில் வயலில் இறங்கி மிதித்து நாசம் செய்யும். மரவேலி சூழ்ந்த வயல்களில் அவை இறங்கத் தயங்குவதைக் கண்டு, வேலி மரங்களை மீண்டும் வளர்க்கச் சொன்னார்கள். கமார்க்கின் கறுப்புக் காளைகள் இன்னொரு எடுத்துக்காட்டு. அங்கே நம் ஜல்லிக்கட்டைப்போல் ஒரு விளையாட்டு உண்டு: காளையின் கொம்பில் கட்டிய நாடாவை ஆட்கள் பறிக்க வேண்டும், காளையைக் கொல்வதில்லை, நன்றாக விளையாடும் காளைக்குத்தான் பேரும் புகழும். அந்த விளையாட்டு இருப்பதால் காளை மந்தைகள் இருக்கின்றன. மந்தைகள் மேய்வதால் நாணல் மூடிப்போகாமல் புல்வெளியும் ஆழமில்லாத நீரும் திறந்து கிடக்கின்றன. உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் அங்கேதான் மேய்கின்றன.

கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை, போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 2006 முதல் சில பகுதிகளில் பிடிஐ என்னும் நுண்ணுயிர் மருந்தைக் கொசுப் புழுக்கள்மேல் தெளித்தார்கள். ரசாயனத்தைவிடப் பாதுகாப்பானது என்றே பெயர். ஆனால் தூர் து வலாவின் ஆய்வில், தெளித்த இடங்களில் வீட்டுத் தகைவிலான்கள் குறைவாக முட்டையிட்டுக் குறைவான குஞ்சுகளை வளர்த்தது தெரியவந்தது. கொசுவோடு சேர்ந்து அவற்றின் இரையான மற்றச் சிறு பூச்சிகளும் குறைந்திருந்தன. கொசுவலையும் நீளக்கைச் சட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்தக் கழிமுகத்துக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1954இல் தூர் து வலாவைத் தொடங்கிய லுக் ஹோஃப்மன், 1962இல் சாங்த் மரி த ல மேர் ஊரில் ஈரநிலங்களுக்காக ஒரு பன்னாட்டு மாநாட்டைக் கூட்டியவர்களில் முதன்மையானவர். ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் கையெழுத்தான ராம்சர் ஒப்பந்தத்தின் தொடக்கம் அந்த மாநாடு. கோடியக்கரை 2002இல் பெற்ற ராம்சர் தகுதியின் வேரும் அங்கே போய்ச் சேர்கிறது.

பயணத்துக்கு வருகிறேன். ஆர்ல்வரை ரயில், அங்கிருந்து சாங்த் மரிக்குப் பஸ். பூநாரைகளை அருகில் பார்க்க அந்த ஊருக்கு முன்னால் உள்ள போன் த கோ பறவைப் பூங்கா சிறந்தது. குழந்தைகளும் நடந்து சுற்றக்கூடிய பாதைகள். குளிர்காலத்தின் பின்பாதியில் போனால் ஜோடி சேரும் நடனத்தைப் பார்க்கலாம்: கூட்டமாக நடந்து, ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி, சிறகை விரித்துக் காட்டும். வாத்துகளுக்கும் குளிர்காலம்தான். செந்நாரை, ஆலா, அரிவாள் மூக்கன் வேண்டுமானால் ஏப்ரல் முதல் ஜூன்வரை. பூநாரைகள் அடைகாக்கும் இடத்துக்கு யாரையும் விடமாட்டார்கள். வழி கேட்டு அலைய வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கொசுவும் கடுமை.

நேரமிருந்தால் வக்காரேஸின் கிழக்குக் கரையில் உள்ள காப்பக மையமான லா கப்பெலியேருக்கும் போங்கள். சாங்த் மரியிலிருந்து பழைய கடல் தடுப்புக் கரை மேலேயே காஷோல் கலங்கரை விளக்கம்வரை சைக்கிளில் போகலாம். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மிஸ்ட்ரால் அடிக்கும் நாளில் மட்டும் சிறுவர்களை அதில் கூட்டிச் செல்லாதீர்கள். தொலைநோக்கி எடுத்துச் சென்றால் பூநாரைகளின் காலைப் பாருங்கள். பிளாஸ்டிக் வளையம் தெரிந்தால் அதன் நிறத்தையும் எழுத்துகளையும், எந்தக் காலில் இருந்தது, எந்தத் திசையில் படித்தீர்கள் என்பதையும், இடத்தையும் தேதியையும் குறித்து தூர் து வலாவுக்கு எழுதி அனுப்புங்கள். அவர்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவரும் பதிவேட்டில் உங்கள் வரியும் ஏறும்.